புகைக்கு ஒரு வழி

மலையகத்தில் ஒரு வீட்டைத் திருத்தத் தொடங்கினால் பணம் எந்தப் பாதையால் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் முன்பக்கம். கம்பிக் கதவு, வர்ணம், விருந்தாளி வந்து அமரும் இடத்துக்கு டைல்ஸ். பிறகு அறைகள். குசினியின் முறை வரும்போது வங்கிக் கடன் தீர்ந்து, சீமெந்துக் கடைக்காரரின் கொப்பியில் புதுக் கணக்குத் தொடங்கியிருக்கும். ‘குசினியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பார்கள். அந்தப் ‘பிறகு’ பத்து வருடமாகவும் நீளும். சில வீடுகளில் வீட்டுக்காரியின் ஆயுள் முழுவதுமாகவும் நீளும்.

2023 இல் எங்கள் வீட்டில் இந்த ஒழுங்கை மாற்றினோம். கடன் பணத்தில் முதல் ரூபாவைக் குசினிக்குச் செலவழித்தோம். அதில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று நாங்கள் பேசிப் பேசி எடுத்த முடிவுகள் வேறு சிலருக்கும் உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

வாப்பா டயகம கடைவீதியில் சில்லறைக் கடை வைத்திருந்த காலத்தில் கட்டிய மூன்றறை வீடு எங்களுடையது. பின்பக்கம் தகரம் இறக்கிய குசினி. நான் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து ஊருக்கே படிப்பிக்க வந்த நாளிலும் அது அப்படித்தான் இருந்தது. சுவரில் கரி, கூரைத் தகரத்தின் அடிப்பக்கம் கரி, தொங்குகிற ஒட்டடையும் கரி. அதற்குள் உம்மா நாற்பத்தைந்து வருடம் சமைத்தார். எழுபது வயதைத் தாண்டியபின் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மேடு ஏறினால் வாங்கிய மூச்சு, பிறகு அடுப்புக்கு முன்னால் சும்மா இருந்தாலும் வாங்கியது. கிளினிக்கில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் யாராவது சிகரெட் குடிப்பார்களா என்பது. இல்லை என்றோம். இரண்டாவது கேள்வி, என்ன அடுப்பு என்பது.

வீட்டு அடுப்புப் புகையாலும் அதனோடு சேர்ந்த காற்று மாசாலும் 2020 இல் மாத்திரம் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் மரணித்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் வறிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்த எண்ணை வாசிக்கும்போது அது எங்கோ தூரத்து விடயம் போலத் தோன்றும். ஆனால் எனது மேசைக்குத் தினமும் வருகிற கொப்பிகளைத் திருத்தும்போது தூரம் குறைந்துவிடும். லயத்துப் பிள்ளைகளின் கொப்பிகளைப் பிரித்தால் முதலில் வருவது புகை வாசம். குளிருக்கு அடுப்பருகே இருந்துதான் அவர்கள் வீட்டுவேலை செய்கிறார்கள். காலைக் கூட்டத்தில் கண் சிவந்து நிற்கும் பிள்ளை அழுதிருக்கிறது என்று புதிதாக வந்த ஆசிரியர்கள் நினைப்பார்கள். விடிய முன்னரே அம்மா ரொட்டி சுட்டிருக்கிறாள் என்பது எங்களுக்குத் தெரியும்.

டயகமவின் மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தில் இருக்கிற இந்த ஊருக்கு வைகாசியில் தொடங்கும் தென்மேல் பருவமழை புரட்டாதி வரை விட்டுவிட்டுப் பெய்யும். கவ்வாத்து மிலாறும் சவுக்கு விறகும் நனைந்தே வீட்டுக்கு வரும். ஈர விறகு எரிவதற்கு முன்னால் தன் ஈரத்தை எல்லாம் புகையாகக் கக்கும். மழைக்குக் கதவையும் ஜன்னலையும் சாத்தியிருப்போம். ஆக, வருடத்தில் புகை அதிகமாக உள்ள மாதங்களில்தான் அது வெளியேற வழியும் இருப்பதில்லை.

இந்த இடத்தில் தேயிலைத் தொழிற்சாலையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வாட்டி, அரைத்து, புளிக்கவிட்ட கொழுந்தை உலர்த்துவதற்கு அங்கேயும் விறகுதான் எரிகிறது. ஆனால் எரிகிற விறகின் புகை தேயிலையில் படுவதில்லை. சூளையின் வெப்பம் இரும்புக் குழாய்களைச் சூடாக்கும். அந்தக் குழாய்களைச் சுற்றி வரும் சுத்தமான சூட்டுக் காற்றுத்தான் உலர்த்தும் இயந்திரத்துக்குள் போகும். புகை உயர்ந்த புகைபோக்கி வழியாகத் தனியே மேலே போய்விடும். தேயிலை வாசத்தை இலகுவில் உறிஞ்சிக்கொள்ளும் பொருள். கொஞ்சம் புகை பட்டாலும் ருசி பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார், விலை விழும். எனவே இலைக்குப் புகை படக்கூடாது என்பதில் நூறு வருடங்களுக்கு மேலாக இந்த மலையில் மிகுந்த கவனம் இருந்து வந்திருக்கிறது. அந்த இலையைக் கிள்ளியவள் வீட்டுக்குப் போய் மூட்டிய அடுப்புக்கு மேலே ஒரு புகைபோக்கி வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும் முன்னால் ஓர் இஸ்தோப்பும் கொண்ட லயங்களில் அடுப்புக்கென்று இடமே ஒதுக்கப்படவில்லை. காம்பராவின் மூலையோ இஸ்தோப்பின் ஓரமோ அடுப்படி ஆனது. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயங்களில் பின் சுவரே பக்கத்து வீட்டின் பின் சுவர். ஜன்னல் வைப்பதற்கும் வழியில்லை.

எங்கள் வீட்டுக்கு அந்தத் தடை இல்லை. எங்களிடம் இருந்தது வேறு பிரச்சினை. வீட்டிலுள்ள மூவருக்கும் மூன்று குசினிகள் மனதில் இருந்தன. மனைவிக்கு எரிவாயு அடுப்பும் நின்று வேலை செய்யும் மேடையும். எனக்கு, ஹட்டன் கடையொன்றில் பார்த்த பலகை அலுமாரிகள். உம்மாவுக்குத் தன்னுடைய விறகடுப்பு.

‘‘அடுப்ப தூக்கி வெளிய போட்டிட்டு நான் எங்க ஈக்கிற மகன்?’’ என்றார் உம்மா. ‘‘கேஸ்ல சுட்ட ரொட்டிய வாயில வைக்க ஏலுமா?’’

மனைவி என்னைப் பார்த்துச் சொன்னாள்: ‘‘மாமிட நெஞ்ச பாருங்க. புகை போகாட்டி அலுமாரி அடிச்சி என்னத்துக்கு?’’

எரிவாயுக்கு மாறிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று 2021 க்கு முன்னர் நானும் சொல்லியிருப்பேன். 2021 ஒக்டோபருக்கு முன்பு 1493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4860 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்காமல் மக்கள் வெற்றுச் சிலிண்டர்களோடு தெருவில் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். இதற்கிடையில் 2021 இன் கடைசி மாதங்களில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்த செய்திகள். கொழும்பில் மாடி வீடுகளில் இருந்தவர்கள் விறகு தேடிய காலம் அது. எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் சோறு வெந்தது உம்மாவின் அடுப்பில்தான். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நான்கில் மூன்று வீடுகளுக்கும் மேல் விறகிலேயே சமைத்தன. அவர்கள் எல்லோரையும் பழமைவாதிகள் என்று சொல்லிவிட முடியாது. கையில் உள்ளதை வைத்துக்கொண்டு, இல்லாமல் போகக்கூடியதை அளவோடு நம்புகிறவர்கள் அவர்கள். எனவே இரண்டு அடுப்பும் இருக்கட்டும், புகை மட்டும் போகட்டும் என்று முடிவு செய்தோம். அலுமாரியை நான் கைவிட்டேன்.

முடிவு செய்தபின் முதல் வேலை, சுவரில் இரண்டு துவாரங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. விறகுப் புகை சூடானது, மேலே ஏறும். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில் படிந்து பள்ளத்தில் தேங்கி நிற்கும். மேலே ஜன்னல் வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. எனவே புகைக்கு உயரத்தில் ஒரு வழியும், எரிவாயுக்குத் தரையோடு ஒட்டி வெளிச்சுவரில் ஒரு வழியும் வேண்டும். கீழ்த் துவாரத்துக்கு எலி வராமல் கம்பி வலை அடித்தோம். சிலிண்டரை வெளியே கூரை இறக்கத்தின் கீழ் நிமிர்த்தி வைத்து, குழாயை மட்டும் சுவர் வழியாக உள்ளே எடுத்தோம். இந்தக் கீழ்த் துவாரம் இன்னொரு வேலையும் செய்கிறது. புகைபோக்கி இழுக்க வேண்டுமானால் கீழிருந்து புதுக் காற்று உள்ளே வரவேண்டும். அடைத்த அறையில் எவ்வளவு உயர்ந்த புகைபோக்கியும் இழுக்காது.

அடுத்தது அடுப்பு. கடையில் வாங்கியது ‘அனகி’ அடுப்பு. அனகி என்றால் சிங்களத்தில் மிக அருமையானது என்று பொருள். 1980களில் இலங்கையில் உருவான இந்தச் சுட்ட மண் அடுப்புக்கு விறகு வைக்கும் வாய் ஒன்று, பானை வைக்கும் இடம் இரண்டு. முன் பானையைச் சூடாக்கிய சுவாலை வீணாகாமல் பின் பானைக்குப் போகும். மூன்று கல் அடுப்பைவிட விறகும் குறையும் புகையும் குறையும். அதைச் சும்மா வைத்தால் சீக்கிரம் வெடித்துவிடும். களிமண் குழைத்துச் சுற்றிலும் தடிப்பாகப் பூசி வைத்தால் சில வருடங்கள் தாங்கும். பின் பானையில் எங்கள் வீட்டில் எப்போதும் தண்ணீர். மார்கழி, தை மாதங்களில் பைப் தண்ணீரைத் தொட முடியாது. சுபஹுக்கு வுழூச் செய்ய உம்மாவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் தனியே காய்ச்சாமல் கிடைக்கிறது.

அடுப்புக்கு மேலே செங்கல்லில் கூடு கட்டி, மேலே போகப் போக ஒடுக்கி, தகரக் குழாயைப் பொருத்தினோம். குழாய் கூரையைத் தாண்டினால் போதும் என்று மேசன் பாஸ் நினைத்தார். முகட்டுக்குக் கீழே குழாய் முடிந்தால், முகட்டைத் தாண்டி இறங்கும் காற்று புகையை மறுபடி உள்ளே தள்ளிவிடும். எனவே முகட்டுக்கு மேல் இரண்டடி உயர்த்தினோம். மழை உள்ளே இறங்காமல் தொப்பி. ஆனால் தொப்பிக்கும் குழாய்க்கும் இடையில் நான்கு பக்கமும் திறப்பு. குழாய் கூரையைத் துளைக்கும் இடத்தில் மரச்சட்டங்களை விலக்கி வைத்தோம், சூட்டில் பலகை பற்றிக்கொள்ளலாம்.

உம்மாவுக்கு இதில் ஒரு முறைப்பாடு இருந்தது, நியாயமான முறைப்பாடு. பழைய அடுப்பின் புகைதான் கூரை மரத்தைப் பூச்சியிடமிருந்து காத்தது. அந்தச் சூடுதான் வீட்டைக் குளிரிலிருந்து காத்தது. புகையை அனுப்பினால் சூடும் கூடவே போய்விடுகிறது. கூரை மரத்துக்கு மருந்து பூசினோம். சூட்டுக்கு, அடுப்புத் திட்டைச் செங்கல்லில் கனமாகக் கட்டினோம். செங்கல் சூட்டை உறிஞ்சி வைத்து மெல்ல மெல்ல விடும். திட்டின் பக்கத்தில் ஒரு தாழ்வான வாங்கு. அதில் இருந்துதான் உம்மா தேங்காய் திருவுகிறார். மாலையில் பிள்ளைகள் கொப்பியோடு வந்து ஒட்டிக்கொள்வதும் அந்த வாங்கில்தான்.

1926 இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் வீடுகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு குசினியை வடிவமைத்தார். இன்று உலகெங்கும் நாம் பார்க்கும் மேடையும் அலுமாரியும் கொண்ட குசினிகளுக்கு அதுவே முன்னோடி. 1.9 மீற்றர் அகலம், 3.4 மீற்றர் நீளம். பெண்ணின் நடையையும் வேலை நேரத்தையும் கணக்கிட்டு, வீணான நடை குறையும்படி ஒவ்வொன்றுக்கும் இடம் வைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. ஒரு தொழிலாளியின் மனைவி எத்தனை அடி நடக்கிறாள் என்று ஒருவர் எண்ணிப் பார்த்தார் என்பதே எனக்குப் பெரிய விடயமாகத் தெரிகிறது. எங்கள் லயங்களைக் கட்டியவர்கள் அப்படி எதையும் எண்ணவில்லை. ஆயினும் அந்தக் குசினியில் ஓர் ஆள்தான் நிற்கலாம். பிள்ளைகள் அடுப்பைச் சுற்றிக் குந்தி இருக்க அதில் இடமில்லை. குளிர் நாட்டில் அடுப்புச் சூட்டைச் சுற்றி வாழ்கிற எங்களுக்கு அது பொருந்தாது. அளந்து பார்க்கும் பழக்கத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

அளந்தது இப்படி. பாஸ் வழக்கமாகக் கட்டும் மேடை 36 அங்குலம். மனைவியை நேரே நிற்கவைத்து, கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்தேன். 39 அங்குலம் வந்தது. காய் நறுக்கும் மேடை முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே இருந்தால் தோள் வலிக்காது. எனவே 34 அங்குலத்தில் கட்டச் சொன்னேன். ‘‘ரெண்டு அங்குலத்துக்கா சேர் இவ்வளவு கணக்கு?’’ என்று பாஸ் சிரித்தார். விறகடுப்புத் திட்டை 18 அங்குலமாக வைத்தோம். அடுப்பும் அதன்மேல் பானையும் ஏறினால் பானை வாய் உம்மாவின் முழங்கைக்குச் சற்றுக் கீழே வரும். முன்பு தரை அடுப்பில் குனிந்து ஊதும்போது முகம் புகைக்குள்ளேயே இருந்தது. இப்போது நின்றபடி கிளறலாம்.

மற்றவை சிறு விடயங்கள், ஆனால் தினமும் கைக்கு வருபவை. மின்குமிழ் அறையின் நடுவில் தொங்கினால், மேடைக்கு முன்னால் நிற்பவரின் நிழல் அவர் நறுக்கும் காயிலேயே விழும். நோன்பு காலத்தில் சஹருக்கு மூன்று மணிக்கு எழுந்து சமைப்பவர்களுக்கு இது தெரியும். எனவே குமிழை மேடைக்கு நேர் மேலே சுவரில் வைத்தோம். நான் ஆசைப்பட்ட மாதிரி பலகை அலுமாரியை அடுத்த வீட்டில் ஒருவர் வைத்திருந்தார். இந்த ஊர் ஈரத்தில் இரண்டு மழைக்குள் அது ஊறிப் பொருமிவிட்டது. நாங்கள் சுவரில் கொங்கிறீட் தட்டுகள் வைத்தோம், கதவில்லாமல். எது எங்கே இருக்கிறது என்பது தெரியும், பூஞ்சணமும் பிடிக்காது. உப்புப் போத்தலுக்கு அடுப்புக் கூட்டின் பக்கத்தில் ஒரு சிறு மாடம். உப்பு நீர் விடுவதில்லை. தரைக்குப் பளபளப்பு டைல்ஸ் வேண்டாம் என்று சொரசொரப்பான சீமெந்து. அடுப்புத் திட்டின் கீழே வெற்றிடம் விட்டு அங்கே விறகு அடுக்கினோம். இரண்டு நாள் அங்கே கிடந்த விறகு காய்ந்துவிடும். செலவே இல்லாத இந்த ஏற்பாடுதான் புகையைக் குறைப்பதில் பாதி வேலையைச் செய்கிறது.

ஒன்றை மட்டும் செய்யவில்லை. குசினியை இன்னும் நான்கடி பின்னுக்கு நீட்டலாம் என்று பாஸ் சொன்னார். அதற்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டை வெட்ட வேண்டும். மலைநாட்டில் குசினியைப் பெருப்பிக்கப் போய் மேட்டின் அடியை வெட்டியவர்கள் அநேகர். வெட்டிய மேடு ஒரு பெருமழைக்காகக் காத்திருக்கும். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகமெங்கும் மண் சரிந்த அந்த இரவுகளில், வெட்டாமல் விட்ட அந்த நான்கடியை நினைத்துக்கொண்டேன்.

உம்மாவின் நெஞ்சு சுகமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். நாற்பத்தைந்து வருடப் புகை செய்த பழுது திரும்பாது என்று டொக்டர் தெளிவாகவே சொன்னார். பம்ப் இன்னமும் தலையணைக்குக் கீழே இருக்கிறது. ஆனால் இரவில் இருமலுக்கு எழும்புவது குறைந்திருக்கிறது. எனது மகள் அந்தப் புகையைக் குடிக்காமல் ரொட்டி சுடப் பழகுகிறாள். அதற்காகக் கட்டியதாகவே இந்தக் குசினியை இப்போது நினைக்கிறேன்.

மலையகத்தில் புதிய வீடுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2018 ஓகஸ்டில் டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியில் கட்டிய 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு, அதில் குசினிக்குத் தனி அறை. லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிது என்பதை நான் அறிவேன். வீட்டு வரைபடம் போடுகிறவர்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கலாம்: அங்கே எரியப்போவது விறகு என்று எடுத்துக்கொண்டு வரையுங்கள். இல்லாவிட்டால் நல்ல வீட்டுக்குப் பின்னால் மறுபடியும் ஒரு தகரக் கொட்டில் முளைக்கும். அதற்குள் புகையும் அதே பெண்ணும் இருப்பார்கள்.

போன வருடம் ஒரு மாணவனின் தாய், கொழுந்தெடுப்பவர், மகனின் படிப்பைப் பற்றிப் பேச வீட்டுக்கு வந்தார். தேநீர் குடித்தபடி குசினியைச் சுற்றிப் பார்த்தார். குழாயை அண்ணாந்து பார்த்து, ‘‘எவ்வளவு முடிஞ்சிச்சி சேர்?’’ என்று கேட்டார். சொன்னேன். ‘‘எங்களுக்குக் காசு ஒரு பக்கம். கூரையில ஓட்ட போடணும்னா தொரைகிட்ட கேக்கணும். வீடு நம்மளுது இல்லியே’’ என்றார். பிறகு குனிந்து அடுப்புத் திட்டைச் சாணால் அளந்தார். இரண்டு சாண். ‘‘இத மட்டும் கட்டிக்கிறேன். இதுக்கு யாரையும் கேக்கத் தேவல்ல.’’

கட்டிவிட்டார். கீழே விறகும் அடுக்கியிருக்கிறார் என்று மகன் வந்து சொன்னான். கூரைக்கு அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். இன்னும் பதில் வரவில்லை. வந்தால் தகர வேலைக்காரருக்குக் கொடுப்பதற்காக அளவையும் ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன்: குழாய் ஒன்பது அங்குலம், முகட்டுக்கு மேல் இரண்டடி, தொப்பிக்குக் கீழே நான்கு பக்கமும் திறப்பு.